சரோஜா டீச்சர் பிடுங்கிய கம்பி

சென்ற வாரம் பரமத்தி வேலூர் பஸ்ஸின் கண்டக்டர் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார்: சரோஜா டீச்சர் இறந்துவிட்டார். மஞ்சள் காமாலை. சாகிற வயதில்லை. அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்று வாய் திறக்காதவர்கள் எல்லாம் இன்று அவரைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நாமக்கல் பக்கத்து எங்கள் விடுதிப் பள்ளிக்கு நாலைந்து வருஷம் முன்பு, எண்பத்தைந்தில், இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. கணக்கு டீச்சரான அவர் தானே படித்துத் தெரிந்துகொண்டு, இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தார். பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்ன புரோகிராம். இந்தப் பக்கம் ஒரு பையன் தன் பெயரைத் தட்டுவான். ஒவ்வோர் எழுத்தாகப் போகும். 'வந்தது' என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தால்தான் அடுத்த எழுத்து கிளம்பும். பாதியில் டீச்சரே கம்பியைப் பிடுங்கிவிடுவார். பையன்கள் பதறுவார்கள்.

"கம்பி போச்சுன்னு அழுதுட்டு உக்காரக் கூடாது சாமி. பதில் வர்ற வரைக்கும் மறுக்கா அனுப்போணும். அதுக்கு ரெண்டு வரி எழுதுங்க பாப்போம்" என்பார்.

நாளைக்கு ஊர் ஊராகக் கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் பேசிக்கொள்ளும் என்று அவர் சொன்னபோது ஆசிரியர் அறையே சிரித்தது.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு எதிலும் குறை வைக்கக் கூடாது என்று தாளாளர் உத்தரவு. வாட்ச்மேன் பக்தியோடு கம்ப்யூட்டரின் முன்னும் பின்னும் சந்தனத்தை அப்பினார். கம்பி சொருகும் துளைக்குள்ளும் போய்விட்டது. விடுமுறை முடிந்து வந்தால் ஒரு கம்ப்யூட்டர் பேசவில்லை. இரண்டையும் கட்டிப் போட்டதால்தான் கெட்டது என்று தாளாளர் டீச்சர்மேல் பாய்ந்தார். துளைக்குள் காய்ந்திருந்த சந்தனத்தை ஊசியால் சுரண்டி எடுத்து அவர் மேஜைமேல் வைத்தார் டீச்சர்.

"பூஜையையே குத்தம் சொல்றீங்களா?"

"பூஜை நல்லதுங்க. லாரிக்கும்தான் பொட்டு வெக்கறோம். அதுக்குன்னு டீசல் டேங்குல சந்தனத்தக் கரைச்சு ஊத்தறமுங்களா?"

அந்த வாரமே டீச்சருக்கு வேலை போயிற்று. பௌதிக வாத்தியாரான நான் தாளாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். என் பாடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று என்னை அனுப்பிவிட்டார். மற்றவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஊரோடு போய் டியூஷன் எடுத்தார். கடைசிவரை இன்னொரு கம்ப்யூட்டர் அவர் கைக்குக் கிடைக்கவில்லை. இங்கே இருப்பவை உறை போட்டுக் கிடக்கின்றன. அட்மிஷன் சமயத்தில் பெற்றோருக்குக் காட்ட மட்டும் உறை விலகும்.

நேற்று பள்ளியில் இரங்கல் கூட்டம். 'எங்க டீச்சர்' என்று தாளாளர் தழுதழுத்தார். எல்லோரும் எழுந்து நின்றோம். கலைந்து போகும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "ஏனுங்க சார், அந்த டீச்சர் என்ன பாடமுங்க எடுத்தாங்க?" என்று கேட்டான்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது கோபம் ஒன்றுதான். இதை ஆறவிட மாட்டேன்.