ஸ்டூடியோவுல கருப்பாக்கின கண்ணு

ஏளா செல்வி, மவ கல்யாணத்துக்கு அந்த ஸ்டூடியோ அண்ணாச்சியையா பேசியிருக்க? தங்கமான மனுசன்தான். பல்லு போன கெழவனுக்கும் படத்துல பல்லு வச்சித் தருவாவ. ஆனா எங்க வீட்டுக் கதையக் கேட்டுக்க.

என் பேத்திக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப அவியதான் போட்டோ எடுத்தாவ. படத்துல பிள்ளையோட எடது கண்ணு, நடுவுல வெள்ளையா மின்னிச்சி. "லைட்டு பட்டிருக்கு ஆச்சி, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம்"ன்னு சொல்லி, கண்ணு மணியக் கருகருன்னு ஆக்கி பிரேம் போட்டுத் தந்தாவ. எங்களுக்கு வாயெல்லாம் பல்லு.

பொறவு எங்க நாத்தனா மக்ரூன் டப்பாவோட பிள்ளையப் பாக்க வந்தா. ஹார்பர்ல வேல பாத்தவ, எதையும் லேசுல நம்பமாட்டா. அவ போன்ல எடுத்தாலும் அதே கண்ணு வெள்ள. "அவிய லைட்டும் அந்தக் கண்ணுலதான் படும், என் லைட்டும் அந்தக் கண்ணுலதான் படுமோ? எந்திரிங்களா, ஆஸ்பத்திரிக்கு"ன்னா.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? டாக்டரம்மாகிட்ட காட்ட பிரேம் போட்ட படத்தத் தூக்கிட்டுப் போனேன்! "ரெண்டும் கருப்பாத்தான இருக்கு"ன்னாவ. நாத்தனா தலையில அடிச்சிக்கிட்டு, தன் போன்ல எடுத்த படத்தக் காட்டுனா. அந்தம்மா மொகமே மாறிட்டு. ரூம இருட்டாக்கி லைட்டடிச்சிப் பாத்தாவ. ஒரு கண்ணு உள்ள செவப்பா தெரியுது, மத்தது வெள்ள.

"பொறவியிலயே புரை இருந்தாலும் இப்படித் தெரியும். உள்ள ரத்தக்கொழாய் கசிஞ்சாலும், பின்னால உள்ள திரை பிரிஞ்சாலும் தெரியும். கட்டியாவும் இருக்கலாம். கட்டின்னா உசுருக்கே ஆபத்து, ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க"ன்னாவ.

மதுரைக்கு ஓடுனோம். சொட்டு மருந்து விட்டு, ஸ்கேன் எடுத்து, பிள்ளைய மயக்கிப் படுக்கப்போட்டு உள்ள பாத்தாவ. வெளிய என் மவ பச்சத் தண்ணி குடிக்கல. "கட்டி இல்ல, புரைதான்"ன்னு சொன்னதும், புருசன் செத்தப்பக் கூட அழாத எங்க நாத்தனா என் தோள்ல விழுந்து அழுதா பாரு!

சீக்கிரமே ஆப்பரேஷன் செஞ்சாச்சி. இப்பவும் கண்ணாடி உண்டு. தெனமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ண ஒட்டி மூடணும், அப்பதான் மத்த கண்ணு சோம்பாம பாக்குமாம். அந்தா, வாசல்ல நல்ல கண்ண மூடிக்கிட்டுத்தான் காயப்போட்ட நெத்திலிக்குக் காவலிருக்கா.

என்ன கேட்ட? அந்தக் கண்ணு தெரியுதான்னா?

"ஆச்சி! நெத்திலிய காக்கா தூக்குது!"

கேட்டியாளா? இரு, காக்காய வெரட்டிட்டு வாரேன்.