சுடாத கை

கரைத்தீவுப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சியவர் பதுர்தீன் காக்கா. மற்ற மாதங்களில் உப்பளத்தில் வேலை செய்வார். நோன்பு வந்தால் பள்ளி அடுப்படிதான் அவருக்கு வீடு. கூலி கொடுத்தால் வாங்கமாட்டார். "நன்மைக்குச் செய்யிற வேலைக்குக் கூலியா?" என்பார்.

ஒரு நோன்பில், கொதிக்கிற சட்டியின் மூடியைத் துணியில்லாமல் வெறுங்கையால் தூக்கி வைத்தார். பக்கத்தில் நின்றவர்கள் பதறிப்போனார்கள்.

"சுடல்லையா காக்கா?"

"இல்லையே!" அவரே தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிறகு ஒருநாள் வெளியே விழுந்த தணலைக் கையால் எடுத்து அடுப்புக்குள் போட்டார். கதை ஊரெல்லாம் போய்விட்டது. அல்லாஹ்வுக்காக உழைக்கிற கை, அதனால் நெருப்பு தீண்டவில்லை என்றார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளைக் கொண்டுவந்து, "தலையில கைய வைங்க காக்கா" என்று கேட்ட தாய்மாரும் உண்டு. அவர் கூச்சப்பட்டுக்கொண்டே வைப்பார். உப்பளத்தில் மண்வெட்டி கையைவிட்டு நழுவியபோது, உப்புத் தண்ணீரில் நின்றால் கை விறைக்கும்தானே என்று விட்டுவிட்டார்.

அவருடைய மனைவி சித்தி மரியம் ராத்தா மட்டும் நம்பவில்லை.

"சுடல்லை எண்டா கொப்புளம் மட்டும் எப்பிடி வருது? அது என்ன, வானத்தில இருந்து விழுந்ததா?"

"ஈமான் இல்லாத கதை கதைக்காத, மரியம்."

போன நோன்பில் ஒருநாள், சட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு ஆரோடோ பேசிக்கொண்டு நின்றார். இறைச்சி கருகுகிற நாற்றம் வந்தது. "அடிப்பிடிச்சிட்டுதா?" என்று எல்லாரும் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். கருகியது அவருடைய சின்ன விரல்.

புண் ஆறவே இல்லை. ராத்தா அவரைத் தோல் கிளினிக்குக் கூட்டிப் போனா. டொக்டர் ஒரு பெண்பிள்ளை. அவருடைய முழங்கையைத் தடவி, கயிறுபோல் தடித்த நரம்பைப் பார்த்தா. முதுகில் வெளிறின தேமல் இருந்தது. பிறகு, "கண்ணை மூடுங்க ஐயா. பஞ்சு படுற நேரம் ஓம் எண்டு சொல்லுங்க" என்றா.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். கடைசியில் கேட்டார்: "எப்ப தொடங்கப் போறீங்க, மகள்?"

டொக்டர் ஏற்கெனவே தொட்டு முடித்துவிட்டா. ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா.

தொழுநோய் என்று டொக்டர் சொன்னா. மெதுவாக வளருகிற கிருமி. உள்ளே போய் வருஷக்கணக்கில் தெரியாமல் இருக்குமாம். சூடு அதற்கு ஒத்துவராதாம். உடம்பில் குளிர்ந்த இடமாகப் பார்த்து, கை, கால், காது என்று போய் நரம்புக்குள் குடியிருக்குமாம்.

"இது அக்டினோபக்டீரியா எண்ட பெரிய குடும்பத்துக் கிருமி ஐயா. காசநோய்க் கிருமியும் அதுலதான். ஆனா எல்லாம் கெட்டதில்லை. மழை விழுந்ததும் மண் மணக்குதே, அந்த வாசத்தைத் தாறதும் அதுகள்தான். விழுந்த இலை, செத்த பூச்சி எல்லாத்தையும் உக்கப் பண்ணி மண்ணுக்கு உரமாக்குறதும் அதுகள்தான். அதுகள் இல்லாட்டி மண் செத்துப் போகும். உங்களுக்குத் தாற இந்தச் சிவப்புக் குளிசை மருந்துகூட அந்தக் குடும்பத்து மண் கிருமி ஒண்டு சுரக்கிற சாமானில இருந்து செஞ்சது."

"அப்ப ஒரே குடும்பத்துக் காக்காவும் தம்பியும் சண்டை பிடிக்கிறதா?" என்றா ராத்தா.

டொக்டர் சிரித்துவிட்டா. பதுர்தீன் காக்கா சிரிக்கவில்லை. அவருக்கு ஒரே கேள்விதான். "வாற நோன்புக்குக் கஞ்சி காய்ச்சலாமா?"

"காய்ச்சலாம். குளிசை தொடங்கினா ஆருக்கும் தொத்தாது. சாப்பாட்டால தொத்துற வருத்தமும் இல்லை. ஆனா கையுறை போடோணும். கிருமி சாகும் ஐயா, செத்த நரம்பு திரும்பி வராது. இனி உங்களுக்குச் சூடு தெரியாது."

ஒரு குளிசையும் தவறாமல் விழுங்கினார். கூடத் தந்த இன்னொரு மருந்தால் முகம் கறுத்தது. சின்ன விரலும் அடுத்த விரலும் மடங்கிப் போயின. ஊருக்குத் தெரிய அது போதுமாயிருந்தது. பிள்ளைகளின் தலையில் அவர் கையை வைக்கச் சொன்ன தாய்மார், அதே பிள்ளைகளைக் கிணற்றடியில் நிறுத்திச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார்கள்.

நோன்புக்கு முன் அவர் தடித்த துணிக் கையுறை தைப்பித்தார். தலைப்பிறை கண்ட அன்று, பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற மின்ஹாஜ் வந்து வீட்டு வேலிக்கு வெளியே நின்றார்.

"காக்கா, இந்த முறை நீங்க ஓய்வெடுங்க. புத்தளத்தால ஒராளைக் கூப்பிட்டிருக்கு."

"தொத்தாது எண்டு டொக்டர் காய்தம் தந்தீக்கிறா, தம்பி."

"எனக்கு விளங்குது காக்கா. சனம் குடிக்காதே, நான் என்ன செய்ய?"

அடுத்த நாள் நோன்பு திறக்கிற நேரத்துக்கு மின்ஹாஜ் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் கஞ்சி கொண்டுவந்து, வேலிக்கட்டையில் வைத்தார்.

"பொறுங்க தம்பி, சட்டி கொண்டு வாறன்" என்றா ராத்தா.

"வேணாம் ராத்தா. டப்பாவையும் திருப்பித் தர வேணாம்."

பாங்கு சொன்னதும் பதுர்தீன் காக்கா ஈத்தம்பழத்தைக் கடித்து நோன்பைத் திறந்தார். கஞ்சியில் ஒரு மிடறு குடித்தார்.

"புதுசா வந்தவன் வெந்தயத்தைக் கருக்கிப்போட்டான்."

அவர் எழுந்து பாயை விரித்தார்.

"பள்ளிக்குப் போகல்லையா?"

"இஞ்சயே தொழுவம்" என்றார். அவர் முன்னுக்கு நின்றார். ராத்தா பின்னால் நின்றா.