சீல் வைத்த பந்தயக் கார்

எங்கள் யார்டின் கடைசி ஷெட்டில் ஒரு கார் அடைந்து கிடக்கிறது. இத்தாலியில் எழுபது வருஷத்துக்கு முன்னால் பந்தயத்துக்கென்றே செய்த கார். வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் அதைச் செய்த கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சட்டம்தான் அதை அடைத்து வைத்திருக்கிறது என்று யார்டில் பேசிக்கொள்கிறார்கள். அடைத்தது நான்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு கிளார்க் வேலை. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பதும் பேப்பரில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்து எழுத வேண்டும். சோறு போடுவது அதுதான். ஆனால் எனக்குப் பைத்தியம் பழைய இத்தாலியப் பந்தயக் கார்கள் மேல். சிரிக்காதீர்கள். எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்கும்போது மனிதன் வேறு என்னதான் செய்வான்? என்னைப்போல் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தோம். யாராவது மங்கலான பழைய போட்டோ ஒன்றைப் போடுவார்கள். கதவுக் கீல், பெட்ரோல் மூடி இருக்கும் இடம், ரிவெட் வரிசை, இவற்றை வைத்து இன்ன வண்டி, இன்ன வருஷம் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மானம் போய்விடும். இன்னொருவன் தப்பாகச் சொல்லி, அதைத் திருத்தாமல் விட்டால் தூக்கம் போய்விடும்.

யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ராயபுரத்து நண்பன் ஒருவனும் அந்தக் குழுவில் இருந்தான். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் ஒரே போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்படி ஒரு காரை நேரில் பார்த்ததும் இல்லை, பார்ப்போம் என்று நினைத்ததும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பெட்டியைத் திறந்தோம். பேப்பரில் 'பழைய இயந்திர பாகங்கள்' என்று இருந்தது. முன்னால் துருப்பிடித்த இரும்பு. பின்னால் தார்ப்பாயைத் தூக்கினால், சாயம் போன சிவப்பில் நீள மூக்கு ஒன்று. நண்பனைக் கத்திக் கூப்பிட்டேன். அவன் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

"மாமு, வாயத் தொறக்காத," என்றான் காதோடு.

சோதனைக்கு வந்த சுங்க அதிகாரி சுற்றிப் பார்த்தார். "ஏதோ பழைய டாக்சிக்குத் தகரம் அடிச்சு விட்டிருக்கான். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிகூட இல்ல. கழிவுன்னே எழுதிக்கப்பா."

எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆசைப்பட்டு வரவழைத்தவர் எவரோ, எடுத்துப்போய் எண்ணெய் போட்டு, ஓட்டி மகிழ்ந்திருப்பார். அது சட்டப்படி சரியில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நான் நேர்மைக்காகப் பேசினேன் என்று சொன்னால் பொய். டாக்சி என்று சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லாததுதான் சார் சாட்சி," என்றேன்.

டேப்பை எடுத்தேன். முன்விளக்கிலிருந்து சக்கர வளைவு வரை இடப்பக்கம் ஒரு அளவு. வலப்பக்கம் ஒரு விரல்கடை குறைவு. கையால் தட்டித் தட்டி எடுத்த அலுமினியம், மிஷினில் அடித்தால் இப்படி வராது என்றேன். அந்த நாட்டில் ரோட்டில் போகும் காருக்கு ஸ்டீரிங் இடது பக்கம், பந்தயக் காருக்குத்தான் இப்படி வலது பக்கம் என்றேன். பந்தய இன்ஜின் என்பதற்குச் சிலிண்டருக்கு இரண்டிரண்டு பிளக்கை எண்ணிக் காட்டினேன். போட்டி விதிக்காகப் பேருக்கு வைத்த அந்தக் குட்டி இரண்டாவது சீட்டைக் காட்டினேன். கடைசியில் அடிச்சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரைக் கந்தலால் துடைத்து உரக்கப் படித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பேசியதே இல்லை.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சொன்னதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடு," என்றார். அனுமதியில்லாமல் வந்த முழு கார் என்று வழக்கானது. ஷெட்டுக்குள் தள்ளி, சீல் வைத்தார்கள்.

"இன்னா பண்ணி வச்சிகீற பாரு," என்றான் நண்பன். "குப்பைன்னு போயிருந்தா வூடு போய்ச் சேந்திருக்கும். உன் நாக்கு சும்மா கீதா?" அடுத்த வருஷம் அவன் வேறு துறைமுகத்துக்கு வேலை மாறிப் போய்விட்டான்.

தினமும் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். தகர இடுக்கு வழியே பார்த்தால் தெரியும். கடல் காற்றும் கரித்தூளும் சேர்ந்து, அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை வைத்து மறந்த மாதிரி, அதன் மேலெல்லாம் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறது. தொடக்கூடாது. துணிகூடப் போர்த்தக்கூடாது.

போன மாதம் மாதவரம் கோடவுனுக்கு மாற்றல் தருவதாகக் கம்பெனியில் சொன்னார்கள். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணுக்கு இருமல் விட்டபாடில்லை. மாதவரத்துக்குக் குடிபோனால் புகையாவது குறையும். "நாளைக்கே சரின்னு எழுதிக் குடுத்துட்டு வா," என்றாள். எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

அன்று பார்த்து, வருஷாந்திரச் சோதனைக்குப் புது அதிகாரி வந்திருந்தார். முன்பு வந்தவர்கள் வெளியே நின்று சீலை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்; இவர் சீலை உடைத்துக் கதவைத் திறக்கச் சொன்னார். மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கிட்டே நின்றேன். டயர்கள் இறங்கி, வயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதை இறக்குமதி பண்ணினவர் இப்ப வர்றதே இல்லையாமே," என்றார் அதிகாரி. "கார்னா கோர்ட் சொல்றவரைக்கும் இங்கதான் கிடக்கணும். கழிவுன்னா இந்த வாரமே எடைக்குப் போட்டு உருக்க அனுப்பிடலாம். உங்க ஆளுங்க எல்லாரும் கழிவுன்னுதான் சொல்றாங்க. பழைய அறிக்கையில உங்க கையெழுத்து இருக்கே, நீங்க என்ன சொல்றீங்க?"

நம்பர் பொறித்த இடம் அரித்துப்போயிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித் தடவி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். எனக்கு மனப்பாடம்தான், ஆனாலும் தடவினேன்.

"கார்தான் சார்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுபடி சீல் வைத்தார்கள். அடுத்த வருஷமும் யாராவது வருவார்கள், இதே கேள்வியைக் கேட்பார்கள். கார் என்று சொல்ல இங்கே என்னைவிட்டால் ஆள் இல்லை.

சாயங்காலம் மனைவி கேட்ட முதல் கேள்வி, "குடுத்துட்டியா?"

உள்ளறையில் பெண் இருமிக்கொண்டிருந்தாள். "இல்லை," என்றேன். காகிதம் சட்டைப்பையிலேயே இருந்தது.