ஒரு விசில், இரண்டு விசில்

நேற்றுக் காலை தென்காசி பஸ் நிலையத்தில் வாழைப்பழப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஏதோ ஒரு பஸ்ஸின் கண்டக்டர் ஒற்றை விசில் ஊதினார். அவர் நிறுத்தச் சொன்னது பஸ்ஸை, நின்றது நான். பின்னால் வந்த அம்மா என் மேல் மோதி, "நடுவழியில இப்படியா நிக்கது?" என்றார். நியாயமான கேள்விதான். எனக்கு ரைட் கொடுக்க ஆள் இல்லையே என்று அவரிடம் சொல்ல முடியுமா?

இந்தப் பழக்கம் இசக்கியால் வந்தது. இசக்கி வீரகேரளம்புதூர் பஸ்ஸில் கண்டக்டர், ஒன்பதாம் வகுப்பிலிருந்து என் கூட்டாளி. நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போவோம். சர்க்கரை வந்துவிட்டதால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர், வந்துவிடுமோ என்று பயந்து சேர்ந்தவர்கள் மூன்று பேர். ஹார்டுவேர் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நான் இரண்டாவது வகை. வாராவாரம் வயக்காட்டு ரோட்டில் நடப்போம். வருஷத்துக்கு ஒரு நாள், மாசி கடைசியில், குற்றாலத்துக்கு மேலே மலை ஏறுவோம்.

சீசனில் மட்டும் வருகிறவர்களுக்கு மாசிக் குற்றாலம் தெரியாது. அருவி நூலாகத் தொங்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் நிழலில் தூங்குவார்கள். குரங்குகள்கூட எங்கள் கையைப் பார்த்துவிட்டு நம்பிக்கை இழந்து திரும்பிக்கொள்ளும். ஆனால் மேலே இலவ மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூத்திருக்கும், காட்டு மா கொழுந்து விட்டிருக்கும். ஒரு மேடு ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறினால் நாங்களாக மொட்டைப்பாறை என்று பெயர் வைத்திருந்த இடம். அங்கிருந்து சுந்தரபாண்டியபுரம் வரைக்கும் வயல் தெரியும். புளிச்சோற்றுப் பொட்டலத்துக்கு அவ்வளவு வாசம் உண்டு என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

வரிசையில் கடைசி ஆள் எப்போதும் இசக்கிதான். பஸ்ஸில் பின்படியில் நின்று பழகியவன், மலையிலும் அதே இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். கழுத்தில் விசில் தொங்கும். ஒன்று ஊதினால் எல்லோரும் நிற்க வேண்டும். இரண்டு ஊதினால் ரைட், போகலாம். யாரும் பின்தங்கி வழி தவறிவிடக் கூடாது என்று விளையாட்டாக ஆரம்பித்தது, பிறகு சட்டமாகவே ஆகிவிட்டது.

கடைசி இரண்டு வருஷமும் அவன் ஒற்றை விசிலை ரொம்பவே ஊதினான். திரும்பிப் பார்த்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதையாவது காட்டுவான். "ஏலே, அங்கன பாரு, இலவம்பூவுக்குள்ள எத்தன தேனீ கெடக்கு." பார்ப்போம். நூறடி போவதற்குள் மறுபடி விசில். "இந்தக் கொழுந்து நெறத்தப் பாத்தியா? எங்க வீட்டுக்காரி கல்யாணச் சேல இதே நெறம்லே." டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன் இப்படிப் பூப்பைத்தியம் ஆகிவிட்டானே என்று கேலி செய்வோம். அவன் முகம் வேர்த்து ஊற்றியது நினைவிருக்கிறது. மலை ஏறினால் யாருக்குத்தான் வேர்க்காது என்று நினைத்தேன்.

கடைசியாக அவன் வந்த மாசியில், ஓடையைத் தாண்டுவதற்குள் ஏழெட்டுத் தடவை நிறுத்திவிட்டான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போனது நான். எதிலும் முதல் ஆளாகப் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு உண்டு. பொறுமை போய், பின்னால் இறங்கி வந்து, அவன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பூ அடுத்த வருசமும் பூக்கும். நடலே."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "சரிடே, நீங்க போங்க. நான் வருதேன்" என்றான்.

அதன் பிறகு நாங்கள் எங்குமே நிற்கவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குத்தான் அவன் பாறைக்கு வந்து சேர்ந்தான். சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான். அவன் பொட்டலத்தையும் நான்தான் சாப்பிட்டேன்.

ஆவணியில் ஒரு மத்தியானம், டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த இசக்கி, அப்படியே விழுந்து இறந்துபோனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் மனைவி செல்வி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"நெஞ்சுல அடப்பு இருக்கு, மல ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருசமாச்சு அண்ணாச்சி. உங்ககிட்ட சொல்லச் சொன்னேன். சொன்னா என்னய விட்டுட்டுப் போயிருவானுவன்னாவ. நின்னு நின்னு போனா ஒண்ணும் செய்யாது, விசிலு என் கையிலல்லா இருக்குன்னு சொன்னாவ."

விசில் அப்போது என் கடை மேஜை டிராயரில், ஆணிகளுக்கு நடுவே கிடந்தது. டியூட்டிக்கு அவனிடம் வேறு ஒன்று இருந்தது. நானும் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் சாவுக்கு நான் காரணமில்லை என்று எந்த டாக்டரும் சொல்லிவிடுவார். ஆனால் மூச்சு வாங்க நிற்பதற்கு ஒரு மனுஷன் வைத்திருந்த ஒரே வழியை நான் பிடுங்கிக்கொண்டேன். செல்வியிடம் இதை இன்றுவரை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது அந்தப் பாதையின் தொடக்கத்தில் கேட் போட்டு, அனுமதியின்றிப் போகக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். எங்கள் கூட்டமும் கலைந்துவிட்டது. ஒருவர் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார், இன்னொருவருக்கு மூட்டு வலி. அதற்கெல்லாம் முன்னால், இசக்கி போன அடுத்த மாசியில், நாங்கள் நாலு பேர் ஒரே ஒரு தடவை ஏறினோம். நான் சொன்னது சரிதான், இலவம்பூ பூத்திருந்தது. விசில் என் பையில் இருந்தது. ஊதினால் மூன்று பேரும் நின்றிருப்பார்கள். எடுத்து வாயில் வைக்க என்னால் முடியவில்லை. வழக்கமாகப் பதினோரு மணிக்குப் போய்ச் சேருகிற பாறைக்கு ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம்.