மேல்வீட்டுச் சித்திரை லீவு

விரலால் தொட்டால் மாவாக உதிரும் அந்தச் சுவரை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். முல்லைத்தீவுப் பட்டினத்தில், கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லப்பட்ட ஒரு வீட்டின் மேல்மாடிக்கு ஏறும் படிக்கட்டின் சுவர் அது. கடலில் வெட்டியெடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. பத்து வயதில் அந்தப் படிகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும், ஏனென்று தெரியாமலே, நடுவில் ஒரே இடத்தில் நின்று சுவரை நாக்கால் தொட்டுவிட்டுத்தான் மேலே போவேன்.

நாங்கள் "கொலனி ஆக்கள்". யாழ்ப்பாணத்தில் துண்டுக் காணிகூட இல்லாத என் ஐயா, இரணைமடுக் குளத்தின் கீழ் அரசாங்கம் குடியேற்றக் காணி கொடுத்தபோது அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கியவர். எங்கள் வீடு மண்சுவரும் கிடுகுக் கூரையும். பக்கத்து வீடும் அப்படித்தான். மாடி என்றால் அது எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஐம்பதுகளின் கடைசியில், என் தங்கை பிறந்த அன்றே இறந்த பிறகு, அம்மாவுக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. காலும் வீங்கியது. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல டொக்டர் இருக்கிறார், கடற்காற்றும் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஐயா போய் ஒரு மேல்மாடியைச் சித்திரை லீவுக்கென்று பேசிவிட்டு வந்தார். பள்ளிக்கூட லீவிலும் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் காலத்திலும் வெளியூர் ஆட்களுக்கு விடப்படும் வீடு அது. அயலவர்களிடம் ஐயா அம்மாவின் உடம்பு வருத்தத்தைப் பற்றிப் பேசவில்லை. "லீவுக்குப் பட்டினத்துக்குப் போறம், மேல்வீடு எடுத்திருக்கிறன்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

வீட்டுக்காரி திரேசம்மா கீழே இருந்தார். கணவர் கடலோடு போனவர். வீட்டின் பின்பக்கத்தில் கருவாடு அடுக்கி வைத்து விற்றுப் பிழைத்தார். நாங்கள் போய் இறங்கியபோது, மூச்சுக்குத் தவிக்கிற ஒருவர் இந்தப் படியில் எப்படி ஏறுவார் என்று அவர்தான் முதலில் கேட்டார். ஐயா அதுவரை அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. காற்றைப் பற்றி மட்டுமே நினைத்திருந்தார்.

"மேல எண்டா காத்து அள்ளிக்கொண்டு வருமெண்டு..." என்று தொடங்கினார்.

"மூச்சு விடேலாத ஆள் ஏறிப் போயோ அந்தக் காத்தைக் குடிக்கிறது?" என்றார் திரேசம்மா. பிறகு மனம் கேளாமல் தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் அம்மாவை ஒரு கதிரையில் இருத்தித் தூக்கினார்கள். "வழி விடுங்கோ, அம்மன் எழுந்தருளி வாறா" என்றார் ஒருவர். "மெல்லமாத் தூக்குங்கோ தம்பியவை, அம்மனுக்கு இளைக்குது" என்று அம்மா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மற்றவர்களோடு சேர்ந்து சிரித்ததை நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஆஸ்பத்திரி நாளில் மட்டும் அந்தக் கதிரை இறங்கி ஏறும். மற்ற நாட்களில் அம்மா யன்னலடியிலேயே இருந்தார். ஐயா இடையிடையே வயலைப் பார்க்கக் கொலனிக்குப் போய்விடுவார். யன்னலுக்கு வெளியே அந்தப் பழைய தெருக்கள் முழுவதும் கிடந்தன: பாசி பிடித்த ஓட்டுக் கூரைகள், மதில்கள், கோட்டையின் மிச்சமாக நின்ற ஒரு சுவர், அதற்கப்பால் "வெளிச்சவீடு", பிறகு கடல். அம்மா ஒவ்வொன்றாகக் கையைக் காட்டுவார். "அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால என்ன இருக்கு, பார்த்திட்டு வா" என்பார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

நான் அந்நிய முகம் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற பிள்ளை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பேனே தவிர வாய் திறக்க மாட்டேன். ஆனால் பார்ப்பதற்கு வாய் தேவையில்லை. பச்சைக் கதவுக்குப் பின்னால் ஒரு தையற்காரர் மணவறைக்கு வெல்வெட்டுத் திரை தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கோட்டைச் சுவரின் மேலே ஆடுகள் நின்று ஆலங்கன்று மேய்வதைப் பார்த்தேன். கரையில் மணலுக்குள் பாதி புதைந்து கிடந்த பீரங்கியில் தோணிக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு கிணற்றடியில் எழுத்து வெட்டிய பெரிய கல்லொன்றில் பெண்கள் சீலை தோய்த்தார்கள். அந்த எழுத்து தமிழும் இல்லை, பள்ளிக்கூடத்தில் காட்டிய இங்கிலீசும் இல்லை. பெண்கள் போகும்வரை காத்திருந்து, அதைப் பள்ளிக்கூடக் கொப்பியின் பின்மட்டையில் பார்த்துக் கீறிக்கொண்டு வந்தேன். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மா அதை யன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கோலம் மாதிரி வடிவா இருக்கு. ஆரின்ர பேரோ" என்றார்.

நான் சொல்லச் சொல்ல அம்மாவின் மூச்சு சீராகும். இது என் கற்பனையல்ல. திரேசம்மாவே ஒரு நாள் கஞ்சி கொண்டு வந்தபோது அதைக் கவனித்து, "வெளியில ஊமை மாதிரித் திரியிறான், உங்களிட்ட வந்தா வானொலிப் பெட்டி" என்றார். ஒரு வார்த்தைகூடக் கூட்டியோ குறைத்தோ நான் சொன்னதில்லை. பார்த்ததைத்தான் சொன்னேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

இரண்டு கிழமை கழிந்தும் கால் வீக்கம் வற்றவில்லை. டொக்டர் என் ஐயாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அன்று திரேசம்மா அம்மாவின் பக்கத்தில் வந்திருந்து, "எங்கட மாதாவிட்ட ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ தங்கச்சி. பேரைச் சொல்லி ஒரு மெழுகுதிரி கொளுத்தினாக் கேட்காமல் இருக்கமாட்டா" என்றார்.

"நாங்கள் வேறை சமயமெல்லோ அக்கா."

"உங்கட ஆக்கள் எத்தினை பேர் வாறவை. அவா ஆரெண்டு கேக்கிறேல்லை."

அம்மா உடனே சம்மதித்தார். தாய் என்றால் எல்லாம் தாய்தான் என்றார். மறுநாள் காலையில் என்னைக் குளிக்க வைத்து, திருநீறு பூசி, மெழுகுதிரி வாங்கக் காசு தந்தார். வெறுங்கையோடு கோவிலுக்குப் போகக்கூடாது என்று ஒரு தேங்காயும் கர்ப்பூரமும் தட்டத்தில் வைத்துத் தந்தார். கிறிஸ்தவக் கோவிலுக்கு அவை தேவையில்லை என்பது அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரேசம்மா அந்நேரம் சந்தைக்குப் போயிருந்தார். "முன்னால நிண்டு என்ர பேரைச் சொல்லு. சத்தமாச் சொல்லு, அவாவுக்குக் கேக்கவேணும்" என்றார் அம்மா.

மாதா கோவில் வாசற்படியில் நாலைந்து பெடியன்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். தட்டத்தைக் கண்டதும் ஒருவன் கையை நிறுத்தினான்.

"டேய், கொலனியார் மாதாவுக்குத் தேங்காய் உடைக்க வந்திருக்கிறார்."

"உடைச்சா எங்களுக்கும் சொட்டுத் தரவேணும், கண்டியோ" என்றான் இன்னொருவன்.

கெட்ட பிள்ளைகள் இல்லை. ஒருவன் எழுந்து, "உள்ள போ, தட்டத்தை இஞ்ச வைச்சிட்டுப் போ" என்று வழிகூட விட்டான். திறந்திருந்த கதவுக்குள்ளே தூரத்தில் சின்னச் சின்னச் சுடர்கள் தெரிந்தன. நான் ஓர் அடி வைத்தேன். சிரிப்பு முதுகில் பட்டதுபோல் இருந்தது. திரும்பி நடந்தேன். நடந்து, கோட்டைச் சுவருக்குப் பின்னால் போய், தேங்காயையும் கர்ப்பூரத்தையும் ஒரு பொந்துக்குள் தள்ளிவிட்டு, வெயில் ஏறும்வரை அங்கேயே குந்தியிருந்தேன்.

"கொளுத்தினியோ?"

"ஓம்."

"பேர் சொன்னியோ?"

"ஓம்."

"சத்தமாவோ?"

"ஓம் அம்மா."

வாழ்க்கையில் அம்மாவிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அன்றிலிருந்து அம்மா தேறத் தொடங்கினார், அல்லது அப்படித் தெரிந்தது. சோறு இறங்கியது. யன்னல் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். ஐயா கொலனியிலிருந்து வந்தபோது, "இவன் போய்ச் சொன்னவன், அதுதான்" என்று என் தலையைத் தொட்டுக் காட்டினார். ஐயாவும் என் தலையைத் தடவினார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஓடிப்போய்க் கொளுத்தியாவது இருக்கலாம். அந்தப் பெடியன்கள் வாசலில் இருப்பார்கள் என்ற நினைப்பு வந்தால் கால் நகராது.

ஐந்தாம் நாள் அம்மா, தானே இறங்கிப் போய் மாதாவுக்கு நன்றி சொல்லவேண்டும் என்றார். "நாளைக்குப் போவமம்மா" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கடுத்த நாள் அம்மா என்னிடம் கேட்கவில்லை. சுவரில் கையை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, தன் காலாலேயே இறங்கிவிட்டார். திரேசம்மா ஒரு பக்கம் பிடிக்க, நான் மறுபக்கம் போனேன். வாசலில் அன்று ஒருவரும் இல்லை.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "எந்த இடத்திலை கொளுத்தினனி?" என்று கேட்டார். முன்பின் பார்த்திராத நான், கதவுக்குப் பக்கத்தில் கண்ணில் பட்ட ஒரு கல் தொட்டியைக் காட்டினேன்.

திரேசம்மா சிரித்தார். "அதில ஆர் திரி கொளுத்திறது? அது குழந்தையளுக்கு ஞானஸ்நானம் குடுக்கிற தொட்டியெல்லோ."

அம்மா தொட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆக்களைக் கண்டாக் கூச்சப்படுறவன் அக்கா. இடம் மாறிப்போச்சுதாக்கும்" என்றார்.

என் தோளைப் பிடித்துக்கொண்டு மாதாவின் முன்னால் போனார். திரேசம்மா ஒரு மெழுகுதிரியைக் கையில் கொடுத்து, "உங்கட பேரைச் சொல்லிக் கொளுத்துங்கோ தங்கச்சி" என்றார். அம்மா என் பெயரைச் சொல்லிக் கொளுத்தினார்.

"உங்கட பேரையெல்லோ சொல்லச் சொன்னனான்."

"என்ரயைத்தான் இவன் அண்டைக்கே சொல்லிப்போட்டானே. இது இவனுக்கு" என்றார் அம்மா.

நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். இன்னொரு திரி வாங்கக் கையில் காசும் இருந்தது. அன்று தந்த அதே காசு, காற்சட்டைப் பையில். திறக்கவில்லை. திரும்பி வரும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். மேலே ஏறி யன்னலடியில் இருந்து மூச்சு ஆறியதும், எப்போதும்போல், "சரி, இண்டைக்கு என்ன பார்த்தனி? சொல்லு" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அம்மாவும் வற்புறுத்தவில்லை.

லீவு முடிந்து கொலனிக்குத் திரும்பினோம். வைகாசி பிறந்து சில நாட்களில், நான் ஐயாவுக்கு வயலுக்குச் சோறு கொண்டுபோயிருந்த நேரம், அம்மா போய்விட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குத் திரேசம்மா பரந்தனில் பஸ் இறங்கி வெயிலில் நடந்து வந்தார். முற்றத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். "நீ போய்ச் சொன்னனியெல்லோ தம்பி. பேர் சொல்லிக் கேட்டும் அவா ஏன் கைவிட்டவா எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். அந்தப் பெண் தன் தெய்வத்தோடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். அவரிடமும் நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்போடு நானும் வயலுக்கு இறங்கினேன்.

ஒரு மெழுகுதிரி அம்மாவைப் பிழைக்க வைத்திருக்காது. நெஞ்சு பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்னதை ஐயா பல வருடம் கழித்துச் சொன்னார். ஆனால் அம்மாவுக்காக யாரும் எங்கும் கேட்கவில்லை என்பது உண்மை. அது அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நாற்பது வருடம் ஆகப்போகிறது. சண்டை சற்று ஓய்ந்திருந்த ஒரு நாள் சைக்கிளில் முல்லைத்தீவுக்குப் போனேன். தெருக்கள் இருந்த இடத்தில் நாயுருவியும் எருக்கலையும் வளர்ந்திருந்தன. மேல்வீடு இல்லை. பச்சைக் கதவு இல்லை. எழுத்து வெட்டிய கல்லை எந்தக் காவலரணுக்கு எடுத்தார்களோ தெரியாது. திரேசம்மாவின் ஆட்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல அங்கே ஆளில்லை. கோவிலுக்குக் கூரையே இல்லை. விறகு பொறுக்கிக்கொண்டு நின்ற ஓர் இளைஞன், "ஆரைத் தேடுறியள் ஐயா? பேரைச் சொல்லுங்கோ, எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று அன்பாகத்தான் கேட்டான்.

நான் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். அங்கேயும் என்னால் சொல்ல முடியவில்லை.

அம்மாவின் பெயர் அன்னப்பிள்ளை.