என் வீட்டுச் சாவுக்குப் படகுகள் போயின

எங்கள் ஊரில் ஒருவர் இறந்துபோனால் அடக்கம் முடியும்வரை ஒரு படகும் ஏரியில் இறங்காது. வலைகள் கரையிலேயே கிடக்கும். ஐஸ் வண்டி வந்தாலும் அப்படியே திரும்பிப் போகும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, எழுதிவைத்த சட்டத்தைவிடக் கெட்டியானது. தோணிரேவு பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் என் நைனா இறந்த அன்றைக்குப் படகுகள் போயின.

நாங்கள் மீனவர் இல்லை. கிறிஸ்தவக் கூலிக் குடும்பம். நைனா மீன் கூடை தூக்கினார், உப்பு மூட்டை தூக்கினார், யார் எதைக் காட்டினாலும் தூக்கினார். அவரைக் கிடத்தியிருந்த காலையில் நான் குடிசை வாசலில் உட்கார்ந்து, பாய் விரித்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏரிக்குள் போவதைப் பார்த்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் போகவில்லை. எங்கள் வீட்டிலும் சாவு விழும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனக்கு அப்போது மீசை அரும்பும் வயது. என் வீட்டில் அடுத்த சாவு விழும்போது இந்த ஊர் நிற்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

முடிவு செய்தால் முடிப்பவன் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. இன்ஜின் வேலையை யாரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை. தூக்கிப்போட்ட ஒரு பழைய இன்ஜினைப் பிரித்தேன், சேர்த்தேன், கையில் இரண்டு போல்ட் மிஞ்சியது, மறுபடியும் பிரித்தேன். அப்படிக் கற்றதுதான். இன்றைக்கு இந்த ஏரியில் ஓடும் இன்ஜின்களில் என் கை படாதது அபூர்வம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் படித்த பிள்ளைகளே என்னிடம் வந்து சந்தேகம் கேட்டுப் போயிருக்கிறார்கள். மாடி வீடு கட்டினேன். எங்கள் சபையின் தகரக் கூரையைப் பிரித்துத் தளம் போட முன்னே நின்றவன் நான். ஊரே என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும், ஊர்க்கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டு. நானே சொல்லாவிட்டால் இதையெல்லாம் யார் சொல்வது?

என் மனைவியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் இருந்தால் இந்நேரம், “போதும்யா, இன்ஜினை ஆஃப் பண்ணு” என்று சொல்லியிருப்பாள்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டு வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பறிக் கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற பெண். மாடி வீடு வந்த பிறகும் இறங்கினாள். நான் கௌரவம் பேசினால், “எறா மாடிக்கு ஏறி வருமா?” என்பாள்.

மார்பில் கட்டி வந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். அறுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். பொன்னேரிவரை பஸ், அங்கிருந்து ரயில், பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி. திரும்பி வரும் ரயிலில் பிளாஸ்டிக் பைக்குள் வாந்தி எடுப்பாள். ஒருநாள் எதிரே வடை தின்றுகொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டாள். இவள் பையின் வாயை முடிச்சுப் போட்டுவிட்டு அவளிடம், “நீ சாப்புடுமா. கோளாறு என் வவுத்துலதான், உன் வடையில இல்ல” என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முடியெல்லாம் கொட்டிப்போன பிறகு நான்தான் அவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அப்படி ஊற்றும்போது ஒருநாள் கேட்டாள்:

“எழுந்துக்கும்போது முடி குடுப்பாருல்ல?”

“எங்க எழுந்துக்கும்போது?”

“உயிர்த்தெழும்போதுயா. ஞாயித்துக்கெழமை கோயில்ல தூங்கிக்கினா இருக்கே? எல்லாரும் எழுந்துப்போம்ல. நான் இடுப்புவரைக்கும் கேக்கப்போறேன்.”

நானும் ஞாயிறு தவறாதவன்தான். ஆனால் என் விசுவாசம் எல்லாம் நல்லபடி ஓடும்போது கூடவே ஓடும் விசுவாசம். அவளுடையது அப்படி இல்லை. உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினால், அடுத்த வாரம் மகள் வீட்டுக்குப் போகிறவளைப் போலப் பேசுவாள். எந்தப் புடவை, யாரைப் பார்க்கணும், என்ன கேட்கணும் என்று.

அதற்காக அவளை வலியே தெரியாத புனிதவதி என்று நினைக்க வேண்டாம். நோய் முதுகெலும்புக்கு ஏறிய மாதத்தில், ஜெபம் பண்ண வந்த பாஸ்டரை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

“இன்னிக்கு நானும் ஆண்டவரும் பேசிக்கிறதில்ல பாஸ்டர். நாளைக்கு வாங்க.”

அவர் மறுநாள் வந்தார். “பேசிட்டீங்களாம்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நான்தான் மொதல்ல பேசுனேன். எனக்கு வேற யாரு இருக்காங்க?”

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைத்துக் கிடந்தது. கடல் தண்ணீர் ஏரிக்குள் வராவிட்டால் இறாலும் வராது. மாதக்கணக்கில் ஊரில் ஒரு வீட்டிலும் கலகலப்பு இல்லை. ஒருவழியாக மணலைத் தோண்டி வழி விட்டதும் இறால் உள்ளே ஓடத் தொடங்கியது. இரண்டாம் நாள் கீழ்த்தெருவில் ஒரு முதியவர் இறந்துபோனார். படகுகள் நின்றன. என் மனைவி படுத்திருந்த ஜன்னலுக்கு வெளியே பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

“இத்தினி நாளு சும்மா கெடந்தாரு. சாவறதுக்கு இன்னிக்கிதான் நேரம் கெடச்சுதா?”

இவள் முதலில் சிரித்தாள். பிறகு அந்தப் பெண்கள் போன திசையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

“இந்தாய்யா. நான் போற அன்னிக்குப் படகை நிறுத்தக் கூடாது.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “இன்னாமே பேசுற? இந்த ஊரு என் வூட்டு வாசல்ல நிக்கணும்னு எத்தினி வருஷமா ஒழைச்சுக்கினு கீறேன்! எங்க நைனா செத்தப்ப எவன் நின்னான்?”

“உங்க நைனா எழுந்துக்கும்போது, எனக்கோசரம் எத்தினி படகு நின்னுச்சுன்னா கேக்கப்போறாரு?”

“அது வேற, இது வேற.”

“ஒண்ணுதான்யா. நான் திரும்பி வரப்போறவ. எனக்கோசரம் எவன் வூட்டு அடுப்பும் அணையக் கூடாது. என்னைப் பார்த்து யாரும் மொணுமொணுக்கவும் கூடாது.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் அவளே ஊர்க்கூட்டத்துக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏரிக்கரைக் கொட்டகையில் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள். எங்கள் ஊர்த் தலைவர் என் வயதுக்காரர், வாய் கொஞ்சம் நீளம். அவள் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாம்மா தங்கச்சி, நல்ல நாளும் அதுவுமா? மேஸ்திரி வூட்டுச் சாவுக்கு ஊரு நிக்கலன்னா, நாளைக்கு என் படகு மிஷினை எவன் பார்ப்பான்?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இன்னொரு பெரியவர் சிரிக்கவில்லை. “பொணம் கெடக்கும்போது தண்ணியில எறங்குனா தீட்டு. சாமி ஏத்துக்காது” என்றார்.

“உங்க சாமிக்கு நான் ஒண்ணும் சொல்லலண்ணா” என்றாள் அவள். மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “எங்க ஆண்டவரு செத்து, கல்லறைக்குப் போயி, மூணாம் நாளு எழுந்துட்டாரு. அப்புறம் ஒருநாள் காத்தால எங்க வந்து நின்னாரு தெரியுமா? ஏரிக்கரையில. அவரு ஆளுங்க வல போட்டுக்கினு இருந்தாங்க. எனக்கோசரம் ஏன்டா தொழிலை நிறுத்தலன்னு அவரு கேக்கல. மீனு கெடச்சுதான்னு கேட்டாரு. கெடைக்கலன்னதும் எந்தப் பக்கம் வல போடணும்னு சொன்னாரு. அவுங்க கரைக்கு வர்றதுக்குள்ள நெருப்பு மூட்டி மீனு சுட்டு வெச்சிருந்தாரு.”

தலைவர் தாடையைச் சொறிந்தார்.

“அவரே சுட்டாரா?”

“அவரேதான்.”

“அப்ப உங்க சாமி நம்ம ஆளுதான் போல கீது.”

சிரிப்பு அடங்கியதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி ஆசைப்படுது. ஆனா செத்தப்புறம் அது வந்து சொல்ல முடியாது. மேஸ்திரி, அது உன் வூட்டுச் சாவு. அன்னிக்கு நீ கரைக்கு வந்து உன் வாயால சொன்னா படகு போவும். நீ சொல்லலன்னா ஊரு நிக்கும்.”

நான் தலையாட்டவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் வலைக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான்கு மாதம் இருந்தாள். ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். வலி தாங்காத நேரத்தில் என் கையைப் பிடித்து நசுக்குவாள். இன்ஜின் தூக்கிப் பழகிய என் கை வலிக்கும். வலி இறங்கியதும், “இன்னும் எத்தினி நாளு ஆண்டவரே” என்பாள். அது புலம்பல் மாதிரியும் இருக்கும், பஸ் எப்போது வரும் என்று கேட்பது மாதிரியும் இருக்கும்.

இடையில் நின்றுபோன இறால் மறுபடி ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், விடியும் நேரத்தில் மூச்சு நின்றது. மகளும் நானும் பக்கத்தில் இருந்தோம். மகள் அழுத சத்தத்தில் தெரு எழுந்துவிட்டது.

நான் மாடிக்குப் போய்க் கரையைப் பார்த்தேன். படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏற்றிய வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்த ஆண்கள் எல்லாம் தலைத் துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். இறால் ஓடுகிற நாளில், கூலிக்காரன் மகன் வீட்டுச் சாவுக்கு, ஊர் நின்றது. மறைக்க மாட்டேன், நெஞ்சு நிறைந்துபோனது. கொஞ்ச நேரம் நின்று நன்றாகப் பார்த்தேன்.

கீழே வந்தபோது மகள் அவளுக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது என்று எழுதினால் பொய். வலி இல்லை, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் எழுந்து வரும்போது என்னிடம் முதலில் எதைக் கேட்பாள் என்று ஒரு நினைப்பு வந்தது. முடியைப் பற்றியோ மகளைப் பற்றியோ கேட்க மாட்டாள். படகு போச்சா என்றுதான் கேட்பாள். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் தெரிந்தது, அவள் வரப்போவதை நானும் நம்புகிறேன் என்று. இத்தனை வருடம் கோயிலுக்குப் போனதில் அது எனக்குத் தெரியவில்லை.

கரைக்குப் போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

“போங்க. தொழிலுக்குப் போங்க” என்றேன்.

யாரும் அசையவில்லை. தலைவர் கிட்டே வந்து, “மேஸ்திரி, நெசமாத்தான் சொல்றியா? கோவத்துல சொல்றியா?” என்றார்.

“கோவம் இல்ல. அவ சொன்னா, நானும் சொல்றேன். நாலு மணிக்கு அடக்கம். அதுக்குள்ள வந்துடுங்க.”

அப்போதும் கால் எழவில்லை அவர்களுக்கு. தலைவருடைய படகின் கயிற்றை நானே அவிழ்த்து, தோள் கொடுத்துத் தள்ளினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்கின.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஊர்ப் பசியாவரத்துக்காரர் ஒருவர் வந்தார். வழக்கமாக என்னிடம் இன்ஜினைப் பழுதுபார்க்கக் கொடுப்பவர், இன்ஜின் பாகம் ஒன்றைச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்துகொண்டு வந்தார். ஏரி நிறையப் படகுகள் போவதைப் பார்த்ததால் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

“இன்னா மேஸ்திரி, இங்க ஒக்காந்துக்கினு கீறே? வூட்ல எப்டி கீறாங்க?”

“காத்தால போயிட்டா.”

சாக்கை அப்படியே மணலில் இறக்கினார். ஏரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப இவனுங்க? மனுசனுங்களா இவனுங்க? உன் வூட்டுச் சாவுக்கே நிக்கலையா?”

“நான்தான் போவச் சொன்னேன்.”

“ஏன்யா?”

“திரும்பி வர்றவளுக்கு எதுக்கு ஊரை நிறுத்தணும்?”

அவர் அம்மனைக் கும்பிடுகிறவர். என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிப் படகு சின்னதாகும்வரை கூடவே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து மாற்றிக்கொள்ள நேரம் இல்லை. ஈர லுங்கியோடு, முழங்காலில் சேற்றோடு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். இந்த ஊரில் பெரிய மனிதர்களின் சாவு நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேர் ஈரத்தோடு நின்ற அடக்கம் வேறு பார்த்ததில்லை. பாஸ்டர் ஜெபித்தபோது தோட்டம் முழுக்க இறால் வாடை அடித்தது.

தலைவர் குழியருகே குனிந்து மண் அள்ளினார். கையில் இறால் மீசையும் மீன் செதிலும் ஒட்டியிருந்தன. கூச்சத்தோடு கையை லுங்கியில் துடைக்கப் போனார்.

“இருக்கட்டும் தலைவரே. அப்படியே போடுங்க” என்றேன்.