தவிட்டுக்கு வாங்கிய பெயர்

தொழிற்சாலைக் கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் சுமதிக்கு இது ஏழாம் மாதம். நார்ச்சத்து சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்களாம். ஒரு டப்பாவிலிருந்து கோதுமைத் தவிட்டைக் கிண்ணத்தில் கொட்டி, பால் ஊற்றிச் சாப்பிடுகிறாள். சாப்பிட்டபடியே கைபேசியில் பிள்ளைக்குப் பெயர் தேடுகிறாள். ஒரு பெயரைத் தட்டினால் போதும், அது எங்கிருந்து வந்தது, என்ன பொருள், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று எல்லாம் வந்துவிடுகிறது. போன வாரம் என் பெயரையும் தட்டிப் பார்த்தாள்.

"ஒன்னுமே வரல லா, தவி. அப்படி ஒரு பேரே இல்லைங்குது. என்னா அர்த்தம் அது?"

"நீ இப்ப சாப்புடுறதுதான்."

அவள் கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் கரண்டியைப் பார்த்தாள்.

என் முழுப் பெயர் தவிட்டம்மா. அடையாள அட்டையில் அதுதான், பட்டச் சான்றிதழில் அதுதான், கழுத்தில் தொங்கும் தொழிற்சாலை அட்டையிலும் அதுதான். மாற்றிக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. "தாரணின்னு வெச்சிக்க, தாமரைன்னு வெச்சிக்க, முதல் எழுத்தாச்சும் ஒத்துப் போவும்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்ததே இந்தப் பெயர்தான். அதை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போக எனக்கு மனமில்லை.

சுமதிக்கு அன்று முழுக்கதையையும் சொல்ல நேரமில்லை. சொல்லத் தெம்பும் இல்லை. நாள் முழுவதும் கணினியில் பழுதுக் கணக்குப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் பாலம் தாண்டித் தீவுக்குள் வந்து, டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்காக நிற்கும்போது எனக்கு என் பெயரே சில சமயம் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்து வாசனை என்னோடு பஸ் ஏறிவிட்டது. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

பாலில் ஊறிய தவிட்டுக்கு வாசனை குறைவு. தண்ணீரில் ஊறிய அரிசித் தவிடு வேறு மாதிரி. லேசான இனிப்பும் லேசான புளிப்புமாக, முதல் நாள் சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி இருக்கும். எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம், அந்த வாசனை எப்போதும் நிற்கும். அங்கே ஒரு சீன அம்மா வாத்து வளர்த்தார். எல்லோருக்கும் அவர் ஆசோ. வயதில் மூத்த சீனப் பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இன்று நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை பத்து காவான் என்ற ஊரில் இருக்கிறது. எண்ணெய் எடுக்கும் எங்கள் செம்பனைத் தோட்டம் இருந்ததும் பத்து காவானில்தான். லயம் எந்த இடம், ஓடை எந்த இடம் என்று கார் நிறுத்துமிடத்தில் நின்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிமெண்டுத் தரை எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் பிறந்து இறந்தன. ஒன்று காய்ச்சலில், ஒன்று தொட்டிலில் காரணமே தெரியாமல். அப்படிப் போன வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளையை எமன் கண்ணிலிருந்து மறைக்க எங்கள் ஆட்களிடம் ஒரு வழி இருந்தது. பிள்ளையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். மதிப்பில்லாத பொருளுக்கு விலைபோன பிள்ளை, அதுவும் வேறு வீட்டுப் பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். பெற்றவள் அதைத் திரும்ப வாங்கி வளர்ப்பாள், ஆனால் வளர்ப்பவளாக மட்டும். பிள்ளை தன்னை வாங்கியவளை அம்மா என்று கூப்பிட வேண்டும். பெற்றவளை வேறு ஏதாவது முறை சொல்லி. பெண் பெரியவளான பிறகோ கல்யாணத்துக்கு முன்போ, பெற்றவள் சேலையும் பழமும் அதே அளவு தவிடும் கொண்டுபோய்க் கொடுத்து, "என் புள்ளையக் குடு" என்று கேட்டு மீட்டுக்கொள்ளலாம். அதுவரை அம்மா என்ற சொல் அவளுக்கு இல்லை.

என்னைப் பெற்றவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அப்பாவை அப்பா என்றே கூப்பிட்டேன். எமன் அப்பாக்களைப் பொருட்படுத்துவதில்லை போலிருக்கிறது.

மற்றவர்கள் பக்கத்து லயத்துப் பெண்களுக்குத்தான் விற்பார்கள். அக்கா ஓடையைத் தாண்டிப் போனாள். "அது நம்ம சாமிக்குக் கட்டுப்படாத எடம்லா, அங்க எமன் எப்படிப் போவான்?" என்று பிற்பாடு எனக்கு விளக்கம் சொல்வாள். ஆசோவுக்கு இது புதிதாகத் தோன்றவில்லையாம். சீனர்களும் நோஞ்சான் பிள்ளையை வேறு அம்மாவுக்கோ சாமிக்கோ தத்துக் கொடுப்பது உண்டு. ஒரு பால் டின் நிறையத் தவிட்டை முறத்தில் கொட்டி, என்னை வாங்கி, வாத்துக் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தவிடு தங்களுக்குத்தான் என்று நினைத்த வாத்துகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடின. பெயர் சூட்டு விழாவில் எனக்கு மேளம் அதுதான்.

என் பெயர் அப்படி ஒன்றும் அபூர்வமானது இல்லை. அக்காவின் இளவயதில் ஒவ்வொரு லயத்திலும் ஒரு தவிட்டம்மா, ஒரு பிச்சை, குப்பையில் கிடத்தி எடுத்த ஒரு குப்பம்மா இருந்தார்களாம். "தவிடூ" என்று கூப்பிட்டால் நான்கு வாசலில் தலை தெரியும் என்பாள். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் எங்கள் தோட்டத்தில் அந்தப் பெயரில் நான் மட்டும்தான் மிஞ்சியிருந்தேன். பிள்ளைகள் சாவது குறைந்தது, பெயரும் குறைந்தது. அதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. நானும் படவில்லை. கடைசி ஆளாக நிற்பதில்தான் கொஞ்சம் களைப்பு.

சின்ன வயதில் ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா என்று முனகியிருக்கிறேன். உடனே என் வாயைப் பொத்தினாள். "அக்காடீ, அக்கா சொல்லு" என்று காதில் சொன்னாள். எமன் கேட்டுவிட்டானோ என்று கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்தக் கை இறுக்கம் எனக்கு இன்னும் தெரிகிறது. கொஞ்ச நேரம் கழித்து, பொத்திய அதே கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான் என்பது குழந்தையான எனக்கே தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூட வயது வந்தபோது அக்கா என்னை அனுப்ப மறுத்தாள். அவள் ஆறு வயதிலேயே தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தவள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. "பஸ்ஸு மெயின் ரோட்டுல போவுது. ரெண்டு போனது பத்தாதா? இது என் கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்றாள். அப்பா பீடியை அணைத்தார். முட்டைக் கூடையோடு வந்த ஆசோ வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"இது யாரு புள்ள?"

அக்கா கூடையிலிருந்த முட்டைகளைப் பார்த்தாள்.

"சொல்லுலா. யாரு புள்ள?"

"ஒங்க புள்ளதான்."

"என் புள்ள ஸ்கூல் போகும். மெஸ்தி. நீ சோறு மட்டும் போடு."

மெஸ்தி என்றால் கட்டாயம். ஆசோ வாயில் அந்தச் சொல் வந்துவிட்டால் வாத்துகூட மறுபேச்சுப் பேசாது.

"அப்ப நீங்களே கூட்டிட்டுப் போங்க!" என்று கத்திவிட்டு அக்கா உள்ளே போய்விட்டாள். கோபத்தில் சொன்னதை ஆசோ உத்தரவாக எடுத்துக்கொண்டார். அந்த வருடம் முழுவதும் தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் முட்டை, பின்னால் நான் என்று தமிழ்ப்பள்ளிக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் தலைமையாசிரியர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். "அம்மா" என்றார் ஆசோ. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் கருப்பு, நல்ல கருப்பு. "ஆமாம் சார், அம்மாதான்" என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. முட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் நான் "அம்மா இப்படிச் சொன்னாங்க, அம்மா அப்படிச் சொன்னாங்க" என்று ஆரம்பிக்கும்போது அக்கா தேங்காயை இன்னும் வேகமாகத் துருவுவாள்.

பிறகு தோட்டம் விற்கப்பட்டது. நாங்கள் தீவுக்கு, ஜார்ஜ் டவுனுக்கு வந்தோம். ஆசோ பட்டர்வொர்த்தில் மாக் மண்டினில் பட்டறை வைத்திருந்த மகன் வீட்டுக்குப் போனார். வாத்துகளை யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா தீவின் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டே சில வருடங்களில் போய்ச் சேர்ந்தார். அக்கா அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து என்னைப் படிக்க வைத்தாள்.

நான் பட்டம் வாங்கிய வாரத்தில், கல்யாணம்வரை காத்திருக்கப் போவதில்லை என்றாள். "இனிமே ஒன்னய எவனும் தூக்கிட்டுப் போவ முடியாது. போயி கேட்டுருவோம்." சேலை வாங்கினாள், ஆரஞ்சுப் பழம் வாங்கினாள். தவிட்டுக்குத்தான் அலைந்தோம். பேரங்காடியில் டப்பாவில் இருந்ததைக் காட்டினால், "இது வேற ஜாதித் தவிடு" என்று வைத்துவிட்டாள். கடைசியில் கோழித் தீவனக் கடையில் கிடைத்தது. ஃபெர்ரியில் போகும்போது அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய எதையோ சொல்லிப் பார்த்தாள். கேட்க வேண்டிய வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்க்கிறாள் என்று தெரிந்து நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசோ பட்டறைக்குப் பின்னால் பிரம்பு நாற்காலியில் இருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. நான் "அம்மா" என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார், விடவேயில்லை. பட்டமளிப்புப் படத்தைக் காட்டினேன். மகனைக் கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார், வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்த பையன்களையும் கூப்பிட்டார். எல்லோரிடமும் ஹொக்கியன் சீனத்தில் ஒன்றையே சொன்னார். மகன் சிரித்துக்கொண்டே மலாயில் எனக்குச் சொன்னார்: "என் மகள் படிச்சிட்டாள், என் மகள் படிச்சிட்டாள்னு சொல்றாங்க. எங்க வீட்ல நாங்க நாலு பேரும் ஆம்பளைங்க. ஒருத்தனும் படிக்கல."

அக்கா எழுந்தாள். சேலையையும் பழத்தையும் ஆசோ மடியில் வைத்தாள். தவிட்டுப் பை அவள் கையிலேயே இருந்தது.

"ஒடம்பப் பாத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான்.

திரும்பும் ஃபெர்ரியில் கேட்டேன். "ஏன்க்கா கேக்கல?"

"எப்பிடிக் கேக்குறது? அந்த மொகத்தப் பாத்தியா நீ?" பையின் வாயை முறுக்கினாள், அவிழ்த்தாள். "எங்கிட்ட நீ இருக்க. அவங்ககிட்ட அந்த ஒரு வார்த்ததான் இருக்கு. இருந்துட்டுப் போவட்டும்லா."

படகுத்துறையில் இறங்கியதும் தவிட்டைப் புறாக்களுக்குக் கொட்டினாள். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

போன வருடம் ஆசோ இறந்துபோனார். மகன் கூப்பிட்டுச் சொன்னார். போனதும் என் சட்டைக் கையில் மகள்களுக்கு உரிய துக்கத் துணியை ஊசியால் குத்திவிட்டார். சீனச் சாவு வீட்டில் ஒரே மகளாக, ஊதுபத்தி பிடித்துக்கொண்டு முழங்காலிட்டேன். வந்தவர்கள் பார்த்தார்கள். அக்கா கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

வாத்துக் கொட்டகை இல்லை, லயம் இல்லை. தவிடூ என்று கூப்பிட்டால் எட்டிப் பார்க்கும் வாசல்கள் இல்லை. என்னை வாங்கியவரும் இல்லாததால் இனி யாரிடம் கேட்டும் என்னை மீட்க முடியாது. சாவு வீட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "இனிமே ஒனக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிக் கூப்புடு. கேக்க ஆளு இல்ல." அன்று எனக்கு வாய் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்புறம் வேலை, பஸ், பாலம் என்று நாட்கள் போய்விட்டன.

சுமதி என் பெயரைத் தட்டிப் பார்த்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அக்கா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். முட்டிவலிக்காக ஒரு காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா" என்றேன்.

அவள் குழாயை நிறுத்தினாள். திரும்பினாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, என்னைத் தாண்டி, திறந்திருந்த வாசலைப் பார்த்தாள்.

"யாரக் கூப்புடுற? ஆசோ மாதிரி யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள்.